சிறைவாசலில் தருமம்

புவனேசுவரத்துக்குத் தெற்கே, தயா ஆற்றங்கரையில் தவுலி என்றொரு குன்று இருக்கிறது. ஒடிசாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் உச்சியில் உள்ள வெள்ளைச் சாந்தி ஸ்தூபியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது 1972இல் ஜப்பானியப் பௌத்தர்களின் முயற்சியால் எழுந்தது. அதற்குக் கீழே ஒரு பாறை. அதிலிருந்து யானை ஒன்று முன்பாதி உடம்போடு வெளியே வருவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். அதே பாறையின் வழவழப்பாக்கிய முகத்தில், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அரசாங்க உத்தரவு நிற்கிறது. தோசலி நகரத்தில் வழக்கு விசாரித்த அதிகாரிகளுக்கு மௌரியப் பேரரசர் அசோகர் அனுப்பியது அது. காரணமில்லாமல் ஒருவரும் சிறைப்படக் கூடாது, ஒருவரும் துன்புறுத்தப்படக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

நான் திருக்கோவிலூர்ப் பக்கத்து வக்கீல். கிரிமினல் வழக்குகள்தான் என் பிழைப்பு. அவற்றில் பெரும்பகுதி, காசு கொடுத்து வக்கீல் வைக்க முடியாதவர்களுக்காகச் சட்ட உதவியில் நடத்தியவை. கிளைச் சிறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசியே என் தலை நரைத்தது. இன்றைக்குத் தருமம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கோயில் திருவிழாச் சொற்பொழிவில் பேசுகிறார்கள், தேர்தல் மேடையில் பேசுகிறார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். இந்து தருமம் பெரிதா பௌத்த தம்மம் பெரிதா என்றுகூட வாதம் நடக்கிறது. எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இரண்டு மரபுகளிலும் தருமத்தை மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்த இடம் ஒன்றே. அதிகாரம் உள்ளவர், தன் கையில் அகப்பட்டவரை என்ன செய்கிறார் என்ற இடம் அது. அந்த இடத்தை விட்டுவிட்டுத் தருமம் பேசுவது எனக்குப் பொறுப்பில்லாத பேச்சாகவே படுகிறது.

தவுலியை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அது கலிங்கத்தின் நடுவில் இருக்கிறது. அசோகர் முடிசூடி எட்டு ஆண்டு கழித்துக் கலிங்கத்தை வென்றார். ஒன்றரை லட்சம் பேரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனதாகவும், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும், அதைப்போல் பல மடங்கு மாண்டதாகவும் அவரே தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார். அதற்காக வருந்துவதாகவும் சொல்கிறார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது இந்த வருத்தத்தைத்தான். ஆனால் அந்தக் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை. காந்தாரத்தில் இருக்கிறது, கிர்னாரில் இருக்கிறது, ஆந்திரத்து எர்ரகுடியில் இருக்கிறது. தவுலியிலும், கலிங்கத்தின் இன்னொரு ஊரான ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு, அதிகாரிகளுக்கான இரண்டு தனி உத்தரவுகளை வெட்டி வைத்தார்கள்.

அடிபட்டவர்களிடமிருந்து மன்னர் தன் மனவருத்தத்தை மறைத்துவிட்டார் என்று இதைக் குற்றமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். தோற்ற ஊரில் இருப்பவனுக்கு வென்றவனின் கண்ணீரால் ஒரு பயனும் இல்லை. நாளைக் காலையில் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவது வென்றவனின் அதிகாரி. அந்த அதிகாரியின் கையைக் கட்டிப்போடும் உத்தரவு அவனுக்கு வருத்தக் கடிதத்தைவிட மேல். சிறைக்குள் இருக்கிறவர்களிடம் பழகியதால் எனக்கு இது நிச்சயமாகத் தெரிகிறது. அவர்களுடைய குடும்பத்தார் யாரும் மன்னிப்பைத் தேடி வருவதில்லை. வாய்தா என்றைக்கு, ஜாமீன் எப்போது என்று கேட்டுத்தான் வருகிறார்கள்.

அந்த உத்தரவில் உள்ளதைச் சொல்கிறேன். எல்லா மனிதரும் தனக்குப் பிள்ளைகள் என்று தொடங்கி, பல ஆயிரம் உயிர்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன, அவர்களுடைய அன்பைப் பெறுங்கள் என்று அசோகர் அதிகாரிகளுக்குச் சொல்கிறார். தனி ஒருவன் சிறைக்கோ வதைக்கோ ஆளாகிறான், அதனால் வேறு பலரும் துன்பப்படுகிறார்கள், நீங்கள் நடுநிலை நிற்க வேண்டும் என்கிறார். நடுநிலை ஏன் தவறிப்போகிறது என்பதற்கு ஏழு காரணம் தருகிறார். பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், சோர்வு.

இந்த ஏழில் முதல் மூன்றை எந்த நீதிநூலும் சொல்லும். கடைசி நான்கைச் சொன்னவர், நிர்வாகத்தைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்க முடியும். எங்கள் நீதிமன்ற வளாகங்களில் கொடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. களைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க வழக்குக் கட்டுகளைப் புரட்டிய மாஜிஸ்திரேட்டின் வீட்டு வாசலில் இரவு போலீஸ் ஜீப் வந்து நிற்கும். ரிமாண்டுக்கு ஆள் கொண்டுவந்திருப்பார்கள். உடம்பில் காயம் இருக்கிறதா, எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, வக்கீல் வேண்டுமா என்று கேட்க வேண்டிய வேளை அது. நிதானமாகக் கேட்டால் சில நிமிடம் ஆகும். கேட்கிற மாஜிஸ்திரேட்டுகளும் இருக்கிறார்கள், அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேட்காத இரவுகளில் பதினைந்து நாள் காவல் என்று ஒரு கையெழுத்து விழும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவசரமும் சோர்வும்தான் அந்தக் கையெழுத்தைப் போடுகின்றன. ஒருவன் கூலியை, வேலையை, சில நேரம் உயிரையே அதனால் இழக்கிறான். 2020 ஜூனில் காவலில் உயிரிழந்த சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் ரிமாண்டு வழியாகத்தான் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

களைப்பை ஒரு அதருமமாகக் கண்ட வேறொரு அரசாணை எனக்குத் தெரியாது. நிர்வாகத்தில் அலுத்துப்போனவன் எழுந்திருக்க மாட்டான், ஆனால் எழுந்து நடந்தே ஆக வேண்டும் என்கிறார் அசோகர். அதோடு நிறுத்தவில்லை. இந்த உத்தரவைப் பூச நட்சத்திர நாள்தோறும் வாசித்துக் காட்ட வேண்டும், இடையிலும் வாசிக்கலாம், கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாலும் வாசிக்கலாம் என்கிறார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கடுமையோ மூர்க்கமோ இல்லாத மென்மையான ஓர் அதிகாரியைச் சுற்றுப்பயணம் அனுப்பி இது நடக்கிறதா என்று பார்ப்பேன் என்கிறார். உஜ்ஜயினியிலும் தட்சசீலத்திலும் உள்ள இளவரசர்கள் மூன்றாண்டுக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே இது வெறும் உபதேசம் இல்லை. வாசிக்கும் நாள், மேற்பார்வை, கால வரம்பு எல்லாம் உள்ள ஏற்பாடு.

மற்றக் கல்வெட்டுகளிலும் கைதிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முடிசூடிப் பதின்மூன்று ஆண்டான பிறகு தம்ம மகாமாத்திரர் என்ற அதிகாரிகளை அவர் நியமித்தார். சிறையில் இருப்பவனுக்குப் பிள்ளைகுட்டி உண்டா, வயதாகிவிட்டதா என்று பார்த்து உதவுவதும் விடுவிப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. இருபத்தாறு ஆண்டு ஆட்சிக்குள் 25 முறை கைதிகளை விடுவித்ததாக ஒரு தூண் கல்வெட்டு சொல்கிறது. இன்னொன்று, வழக்கு விசாரணையிலும் தண்டனையிலும் சமநிலை வேண்டும் என்கிறது. மரண தண்டனை பெற்றவனுக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறது, உறவினர் அவனுக்காக மன்றாடலாம் என்பதற்காக. அந்த வாசகம் உள்ள தூண்களில் ஒன்றை, பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து தில்லிக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து தன் கோட்டையில் நட்டார். உச்ச நீதிமன்றத்திலிருந்து அது வெகுதூரத்தில் இல்லை. கருணை மனு நிராகரிக்கப்பட்ட தகவல் கைதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குறைந்தது 14 நாள் கழித்துத்தான் தூக்கிலிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014இல்.

அசோகரை நான் கடவுளாக்கவில்லை. அவர் மரண தண்டனையை ஒழிக்கவில்லை. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வருத்தம் சொன்ன அதே கல்வெட்டில், காட்டில் வாழும் மக்களைப் பார்த்து, வருத்தத்திலும் தனக்குத் தண்டிக்கும் வலிமை உண்டு என்று எச்சரிக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு திருட்டு என்றால் முதலில் இருளர் குடிசைக்குப் போகும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த வரி உறுத்தும். காட்டிலிருந்து வந்தவன்மேல் அரசுக்குச் சந்தேகம் முதலில் விழுவது அவ்வளவு பழைய வழக்கம். அசோகரின் தருமமும் அந்த இடத்தில் கால் இடறியது என்று சொல்லத்தான் வேண்டும்.

பௌத்தத்தின் நோக்கம் துக்கத்திலிருந்து விடுதலை, அரசாங்க உத்தரவை எப்படித் தம்மம் என்று சொல்லலாம் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளில் நான்கு உண்மைகளும் இல்லை, நிர்வாணமும் இல்லை என்பது உண்மைதான். அவை அவருக்குத் தெரியாதவை அல்ல. சங்கத்துக்கு அவர் எழுதிய வைராட்டுக் கல்வெட்டில், துறவிகளும் இல்லறத்தாரும் படிக்க வேண்டிய பௌத்த நூல்பகுதிகள் ஏழினைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதிகாரிகளிடம் பேசும்போது அவர்கள் கையில் உள்ளதைப் பற்றிப் பேசினார், அவ்வளவே.

சங்கத்துக்குள்ளும் இதே அக்கறை உண்டு. விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. காசி நாட்டு வாசபம் என்ற சிற்றூரில் காசியபகோத்தர் என்ற பிக்கு இருந்தார். வெளியூர்ப் பிக்குகள் வந்தபோது அவர்களுக்கு உணவும் வசதியும் தேடித் தந்தார். ஊர் பழகிவிட்டது, இனி அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பிறகு நிறுத்திக்கொண்டார். வந்தவர்களுக்குக் கோபம். கூடிப் பேசி அவரைச் சங்கத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். குற்றம் செய்தேனா இல்லையா என்றே தெரியாமல் அவர் சம்பா நகரத்துக்கு நடந்துபோய் புத்தரிடம் கேட்டார். விசாரித்த புத்தர், நீ குற்றவாளி இல்லை, உன்னை விலக்கியது செல்லாது என்று சொல்லி அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார். தம்மத்துக்கு மாறாக எடுத்த நடவடிக்கை நடவடிக்கையே அல்ல என்ற விதி அங்கே விரிவாகப் பேசப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரை முன்னால் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதும் விநயத்தின் விதி. கூட்டமாகச் சேர்ந்தவர்களின் கோபத்துக்கு எதிராகத் தனியொருவர் மேல்முறையீடு செய்யலாம் என்பதைத் தம்மத்தின் உள்ளேயே வைத்தவர் புத்தர். தியானம் கற்றுத்தரும் வகுப்புகளில் இதையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இந்து மரபுக்கு வருகிறேன். மனுவைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஒரே வசைச் சொல்லுக்குப் பிறப்பைப் பார்த்துத் தண்டனை மாறும் நூல் அது. தாழ்ந்தவன் திட்டினால் நாக்கு, உயர்ந்தவன் திட்டினால் அபராதம். திருட்டில் மட்டும் மேல் வருணத்தானுக்குக் குற்றம் பல மடங்கு என்று சொல்லியிருப்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் அதை வைத்து மற்றதை மன்னிக்க என்னால் முடியாது. 1927இல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் அந்த நூலை எரித்தார்கள். சட்டம் படித்தவள் என்ற முறையில் அந்த நெருப்பின் பக்கமே நான் நிற்கிறேன்.

மகாபாரதம் வேறு. தருமத்தையே விசாரணைக் கூண்டில் ஏற்றும் துணிச்சல் அதற்கு உண்டு. ஆதி பர்வத்தில் வரும் மாண்டவ்யர் கதையை எங்கள் ஊர்ப் பக்கம் பாரதம் வாசிப்பவர்கள் சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்தேன். மௌன விரதத்தில் இருந்த முனிவர் அவர். துரத்தப்பட்ட திருடர்கள் கொள்ளைப் பொருளை அவர் ஆசிரமத்தில் பதுக்கி ஒளிந்துகொள்கிறார்கள். காவலர் வந்து கேட்கிறார்கள். அவர் பேசவில்லை. பேசாததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. திருடர்களோடு சேர்த்து அவரையும் அரசன் கழுவேற்றுகிறான். அவர் சாகவில்லை. தவறை உணர்ந்த அரசன் காலில் விழுகிறான். கழுமுனையை உருவ முடியாமல் அறுத்துவிடுகிறார்கள். ஆணி உடம்பிலேயே தங்கிவிட, அவர் ஆணி மாண்டவ்யர் ஆகிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு முனிவரின் பொறுமைக் கதை. மாண்டவ்யர் பொறுமையாக இருக்கவில்லை. நேரே தருமதேவனின் சபைக்குப் போய்க் கணக்குக் கேட்கிறார். சின்ன வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தி விளையாடினாய், அதன் பலன் இது என்கிறான் தருமதேவன். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று முனிவர் கொதிக்கிறார். பதினான்கு வயது வரை செய்வது பாவக் கணக்கில் சேராது என்று புது வரம்பு விதிக்கிறார். அளவு மீறித் தண்டித்த நீ பூமியில் சூத்திரப் பெண்ணின் வயிற்றில் பிற என்று தருமதேவனையே சபிக்கிறார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். துகில் பறிக்கும் சபையில் பெரியவர்கள் வாயடைத்து நிற்க, அது தப்பு என்று எழுந்து சொன்னவர்களில் ஒருவர்.

சந்தேகத்தில் பிடித்தது, மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்தது, விசாரிக்காமல் தண்டித்தது, சிறுவனைப் பெரியவனாகக் கணக்கிட்டது, குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை. ஒரு குற்ற வழக்கில் என்னென்ன கெடக்கூடுமோ எல்லாம் இந்த ஒரு கதையில் இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசமைப்பின் 20(3)ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சட்டக் கல்லூரியில் படித்தபோது எனக்கு மாண்டவ்யர் நினைவுதான் வந்தது. அவன் செய்த கர்மம், அனுபவிக்கிறான் என்று கைதியைப் பார்த்துச் சுலபமாகச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. கர்மக் கணக்கு எழுதுகிறவனே கணக்குச் சொல்ல வேண்டும், தப்பாக எழுதினால் அவனுக்கும் தண்டனை உண்டு என்று நம்பிய மரபு இது. அப்படியிருக்க, ஒரு காவல் ஆய்வாளரைக் கேள்வி கேட்பது எப்படி அதருமம் ஆகும்?

அதே மகாபாரதத்தில், தன்னை முதலில் தோற்றவன் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்று திரௌபதி சபையில் கேட்டபோது, தருமம் நுட்பமானது, எனக்கு விடை தெரியவில்லை என்றார் பீஷ்மர். இந்தப் பதிலை ஞானத்தின் உச்சம் என்று புகழும் உரைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. அவள் கேட்டது எளிய சட்டக் கேள்வி. விகர்ணன் என்ற இளைஞன் எழுந்து அதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டான், அவள் தோற்கப்படவில்லை என்று. தருமம் நுட்பமாவது பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியவருக்கு அது வசதிப்படாதபோதுதான்.

தமிழில் இந்த விஷயத்தை எவரையும்விடத் தூரம் கொண்டுபோனது மணிமேகலை. காயசண்டிகை வடிவில் அமுதசுரபியோடு அவள் சிறைக்கோட்டத்துக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிடுகிறாள். காவலர் சொல்லி அரசனுக்குத் தெரிகிறது. சோழன் மாவண்கிள்ளி அவளை அழைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். சிறையை நீக்கி அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். அவன் ஆக்குகிறான். சிறையில் சோறு நல்லதாக வேண்டும், இடம் பெரியதாக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. சிறையே வேண்டாம் என்று கேட்டாள்.

இதை அற்புதக் கதை என்று தள்ளிவிடுகிறோம். கேட்டது யார் என்பதை மறந்துவிடுகிறோம். அவள் கோவலனின் மகள். விசாரணை இல்லாமல், ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பி, வெட்டிக் கொல்லப்பட்டவனின் மகள். ஓர் அரசன் அவசரத்தில் செய்ததால் தகப்பனை இழந்தவள் இன்னோர் அரசன் முன்னால் நின்று அந்தக் கோரிக்கையை வைக்கிறாள். கதை அங்கே இனிப்பாக நின்றுவிடவும் இல்லை. சோழ இளவரசன் உதயகுமாரனைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வெட்டிய பிறகு, தான் செய்யாத அந்தக் கொலையை ஒட்டி அவளே காவலில் வைக்கப்படுகிறாள். சிறைசெய் காதை, சிறைவிடு காதை என்று இரண்டு காதைகள் அதற்கு. தருமம் செய்தவளையும் அரசு பிடித்துப் போடும் என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

அசோகருக்கும் எங்கள் ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. எங்கள் திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பை மலைக்குகையில் 1981இல் ஒரு தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த கொடை அது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அந்தக் குகையில்தான் விடை இருந்தது. அந்த நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்ததாக அசோகர் சொல்கிறார். கர்நாடகத்துச் சன்னதியில் இன்னும் விசேஷம். 1986இல் சந்திரலாம்பா கோயில் வளாகத்தில் காளி சன்னிதியின் கூரை இடிந்தபோது, அம்மன் சிலைக்கு அடியில் கிடந்த பலகைக்கல் வெளியே வந்தது. அதில் இருந்தவை அசோகர் கட்டளைகள். தவுலியில் உள்ள அதே தனி உத்தரவுகளும் அவற்றில் சேர்த்தி. கைதிகளைப் பற்றிய அந்த வாசகத்தின்மேல் காளி எத்தனை காலம் நின்றாளோ! இந்து தருமமும் பௌத்த தம்மமும் தனித்தனி வீடுகள் என்று அடித்துச் சொல்பவர்கள் அந்தக் கல்லை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

இருந்த வேறுபாட்டை நான் அழிக்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அம்பேத்கர் பௌத்தம் ஏற்றது அந்த வேறுபாட்டின் பேரில்தான். மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த தன் நூலில், தனி ஒருவனுக்குத் தம்மம் தேவைப்படாது, இரண்டு பேர் சேர்ந்து வாழத் தொடங்கும்போதே அது வந்தாக வேண்டும் என்று வாதிடுகிறார். அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் சாவி இருக்கும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேசுவது அதைத்தான்.

இன்றைய நிலவரம் இது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அவர்களில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். கரும்பு வெட்ட வெளி மாவட்டத்திலிருந்து வந்தவனை, மோட்டார் கொட்டகையில் காப்பர் ஒயர் திருடினான் என்று பிடித்திருப்பார்கள். ஜாமீன் உத்தரவு வந்துவிடும். இரண்டு ஜாமீன்தார் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், வி.ஏ.ஓ. சான்று வேண்டும். அவன் சாதிசனத்தில் சொந்த வீட்டுக்கு வரி கட்டுகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். மனைவி ரேஷன் கார்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் போடும் ஆட்கள் அவளை மோப்பம் பிடித்து வருவார்கள்.

1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முன்பே பார்த்துவிட்டது. 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். வேறு மாவட்டத்து ஜாமீன்தார் கூடாது என்றும் சொன்னார்கள். நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விட்டார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக வழிகாட்டியது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை தர முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் அல்லாதபோது, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்றும் சொல்கிறது. ஒரே இரவில் நான்கு பழைய திருட்டை ஒருவன் தலையில் கட்டும் பழக்கம் இருக்கும்வரை, இந்த விலக்கு மிக ஏழைகளைத்தான் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதை நீக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் முத்திரையில் சாரநாத் தூணின் தருமச் சக்கரமும், தருமத்தின் வெற்றியைச் சொல்லும் மகாபாரத வாக்கியமும் ஒன்றாக இருக்கின்றன. அந்த முத்திரை தாங்கிய உத்தரவுகள் கிளைச் சிறை வரை வந்து சேர்கின்றனவா என்பதே என் கவலை. ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் மூன்று பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்: ஜாமீன் கிடைத்து ஏழு நாள் தாண்டியும் உள்ளே இருப்பவர்கள், 479ஆம் பிரிவின் வரம்பைக் கடந்தவர்கள், ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் பிணை தர முடியாமல் ஒரு வாரத்துக்கு மேல் கிடப்பவர்கள். மூன்றாவது வகையினரை வறியவர் என்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பெயர்களைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கட்டும். எந்தப் பெயர் எதற்காக இன்னும் பட்டியலில் இருக்கிறது என்று சிறைக் கண்காணிப்பாளர் எழுந்து நின்று பதில் சொல்லட்டும். அந்தப் பதில் குறிப்பேட்டில் ஏறட்டும். அதன் நகல் அந்தக் கைதியின் வீட்டுக்குத் தமிழில் போகட்டும்.